மழைப்போத்தலும் காற்றுக்கம்பும்: சின்னப் பிள்ளைகளுக்கு வானிலை

முன்பள்ளியிலும் தரம் 1, 2 வகுப்புகளிலும் வானிலை என்றதும் சுவரில் நான்கு பருவங்களின் படம் தொங்கும். அதில் பனி கொட்டும். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டானிலோ அக்கராயனிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் கண்டது மாரியும் கோடையும், குளம் வற்றுவதும் நிரம்பி வான் பாய்வதும். அங்கிருந்தே தொடங்குங்கள். புரட்டாதிக் கடைசி நல்ல நேரம். காற்று மாறும், ஐப்பசியில் மழை பிடிக்கும்.

1. வானத்தைப் பார்த்தல்

காலையில் வகுப்புக்குள் போகுமுன் எல்லோரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். “நேற்று இப்படியா இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பிறகு ஒரு பிள்ளை நாட்காட்டியில் வெயிலோ முகிலோ மழையோ வரையட்டும்.

2. மழைப்போத்தல்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பக்கங்கள் நேராக உள்ள பெரிய சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். கழுத்துச் சரிவு முடியும் இடத்தில் நீங்களே வெட்டுங்கள். வெட்டிய மேல்துண்டை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே வைத்தால் புனல் ஆகிவிடும். விளிம்புகளில் ரேப் ஒட்டுங்கள், கை கிழிக்கும்.

போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படியே அளந்தால் கணக்குப் பிழைக்கும். அதனால் சல்லிக்கல் போட்டு, கல் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் 0 என்று கோடு போடுங்கள். அதற்கு மேலே அடிமட்டத்தை வைத்துச் சென்ரிமீற்றர் குறியுங்கள். 1 சென்ரிமீற்றர் ஏறினால் 10 மில்லிமீற்றர் மழை. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள்.

காலை 8.30க்குப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் நாள் மழையை அந்த நேரத்துக்கே கணக்கிடுகிறது. எண் தெரியாத பிள்ளைகள், ஏறிய உயரத்துக்கு ஒரு நீலக் கடதாசித் துண்டு வெட்டி அந்த நாளில் ஒட்டட்டும். மாதம் முடிய எந்தக் கிழமையில் மழை கூட என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். பார்த்து முடிந்ததும் தண்ணீரை முழுதாக ஊற்றிவிட்டு மறுபடி 0 வரை நிரப்புங்கள். மழையில்லாத நாளிலும் இதைச் செய்யுங்கள். தேங்கினால் டெங்கு நுளம்பு வரும்.

3. காற்றுக்கம்பு

சொப்பிங் பையில் நீளமாக ஒரு நாடா வெட்டிக் கம்பில் கட்டுங்கள். நாடா பறக்கும் பக்கத்தைத்தான் காற்றின் திசை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். காற்று முகத்தில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். முகம் பார்க்கும் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. முல்லைத்தீவில் கிழக்கைக் காட்டுவது சுலபம், கடல் அந்தப் பக்கம்தானே. மன்னாரில் கடல் மேற்கே.

கோடையில் தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வறண்டு வருகிறது. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வரும். இதைப் பாடமாக்கச் சொல்லாதீர்கள். நாடா திரும்பிய நாளில் சொன்னால் போதும்.

4. ஈரத்துணி

ஒரே அளவான இரண்டு துணிகளை நனைத்து ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் போடுங்கள். எது முதலில் காயும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள்.

5. இடி

2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல வீடுகளுக்குள் புகுந்தது. அதைப் பற்றி வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை பெருமழைக்குப் பயப்படலாம். பயப்படாதே என்று அதட்டாதீர்கள், பேச விடுங்கள். எண்ணத் தெரிந்தவர்கள் மின்னலுக்கும் இடிக்கும் இடையில் விநாடிகளை எண்ணட்டும். 3 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். எண்ணுவது வகுப்பறைக்குள் இருந்துதான். இடி கேட்டால் போத்தலையும் கம்பையும் விட்டுவிட்டு உடனே உள்ளே வர வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியும்வரை யாரையும் வெளியே விடாதீர்கள்.