ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடியின் அளவைப் படிப்பது எப்படி?

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் குழந்தையின் எடையைத்தான் தேடுவோம். பிளாசென்டா என்று தொடங்கும் வரியை யாரும் சீண்டுவதில்லை. நஞ்சுக்கொடியைப் பற்றிய வரி அதுதான்.

1. முதலில் ரிப்போர்ட்டின் மேலே வாரக் கணக்கைப் பாருங்கள். மாதக் கணக்கு இதற்கு உதவாது.

2. அப்புறம் பிளாசென்டா வரியில் மில்லிமீட்டர் எண்ணைத் தேடுங்கள். சில ரிப்போர்ட்டில் இருக்காது, பரவாயில்லை. ஆன்டீரியர், போஸ்டீரியர் என்பதெல்லாம் கருப்பையின் முன்சுவரா பின்சுவரா என்று சொல்வது மட்டுமே. அதை வைத்து ஆணா பெண்ணா என்று ஜோசியம் சொல்பவர்களை விட்டுத் தள்ளுங்கள். கிரேடு என்பது முதிர்ச்சியைச் சொல்வது, அளவை அல்ல.

3. இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். எத்தனை வாரமோ, தடிமனும் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். 24 வாரத்தில் 24 மி.மீ. பத்து கூடக் குறைய இருந்தாலும் பொதுவாகச் சரிதான். கடைசி மாதத்தில் வளர்ச்சி மந்தமாகிவிடும், அப்போது இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

4. எண் ஒத்துவரவில்லையா? உடனே பதற வேண்டாம். தொப்புள்கொடி சேரும் இடத்தில், நேர்க்குத்தாக அளக்க வேண்டும். வாழைக்காயைச் சாய்த்துச் சீவினால் வட்டம் நீண்டுவிடும் அல்லவா, அதேபோல் சாய்வாக அளந்தால் தடிமனும் கூடிவிடும். அந்த நேரம் கருப்பை இறுகியிருந்தாலும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். 40 மி.மீ. தாண்டினால் டாக்டர் சர்க்கரை, ரத்தசோகை, நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார். மெலிதாக இருந்தால் குழந்தையின் வளர்ச்சியையும் உங்கள் ரத்த அழுத்தத்தையும் கவனிப்பார்.

5. நஞ்சுக்கொடியின் எடை ரிப்போர்ட்டில் வராது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். 16, 17 வாரம் வாக்கில் குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஏறக்குறைய ஒரே எடை. அதற்குப் பிறகு குழந்தை முந்திவிடும். நிறைமாதத்தில் 3 கிலோ குழந்தைக்கு நஞ்சுக்கொடி அரை கிலோ, அதாவது ஆறில் ஒரு பங்கு.

வெளியே வந்தபின் பார்த்தால் பெரிய ஊத்தப்பம் அளவு: குறுக்களவு 22 செ.மீ., நடுவில் தடிமன் இரண்டரை செ.மீ. ரத்தம் வடிந்துவிடுவதால் ஸ்கேனில் பார்த்ததைவிட மெலிந்திருக்கும். நர்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரு துண்டும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்யத்தான். தங்கினால் ரத்தப்போக்கு நிற்காது.