கூடலூரிலிருந்து மாஹே போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கூடலூர், பந்தலூர் பக்கம் யாராவது "மாஹே போயிட்டு வந்தோம்" என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எதற்குப் போனீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேரளக் கடற்கரையில் இருந்தாலும் மாஹே புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், அங்கே பெட்ரோல் மலிவு, மதுவும் மலிவு. டேங்கை நிரப்பி, கடையில் வாங்க வேண்டியதை வாங்கி, ஆற்றங்கரையில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் மாஹே நமக்கு அந்நிய ஊர் இல்லை.

இன்று நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் கூடலூர், பந்தலூர் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. தென்கிழக்கு வயநாடு என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 1721-இல் மாஹேயில் வந்து உட்கார்ந்ததும், அதற்கு முன்பே 1708-இல் ஆங்கிலேயர்கள் பக்கத்துத் தலச்சேரியில் கோட்டை கட்டியதும் மிளகுக்காக. நம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கிறதே, அதே மிளகு. மாஹேயின் வழியே கடலில் சேரும் மய்யழி ஆறும் வயநாட்டு மலையின் மேற்குச் சரிவில்தான் பிறக்கிறது. ஹைதர் அலிக்குத் தளவாடங்கள் வந்து இறங்கிய துறை மாஹே. 1779-இல் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்ததுதான் இரண்டாம் மைசூர்ப் போருக்கு ஒரு முக்கியக் காரணமானது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால், சுமார் 9 சதுர கிலோமீட்டர் ஊருக்கு ஒரு முழுநாள் போதாது.

மதுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாஹேயைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கேரளம். மாஹேயில் வாங்கிய பாட்டிலோடு எல்லையைத் தாண்டினால் கேரளச் சட்டப்படி குற்றம். எக்சைஸ்காரர்கள் சோதனை போடுவது அந்த வழியில் வழக்கமான காட்சி. குடும்பத்தோடு போன வண்டியில் யாரோ ஒருவர் சீட்டுக்கு அடியில் சொருகி வைத்த ஒரு பாட்டிலால், குழந்தைகளோடு நடுரோட்டில் நிற்கும் நிலை வேண்டாம்.

அடுத்தது வழி. மாஹே ஒரே துண்டாக இல்லை. டவுன் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. பள்ளூர், பந்தக்கல், சாலக்கரை, செம்பரா ஆகிய பகுதிகள் ஆற்றுக்கு வடக்கே உள்ளே தள்ளி இருக்கின்றன. இடையிடையே கேரளம் வரும், போகும். போனில் வெறுமனே "மாஹே" என்று அடித்துவிட்டுப் போனால் பள்ளூரில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். தேவாலயத்தையோ தாகூர் பூங்காவையோ குறித்துக்கொண்டு போங்கள். 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி - மாஹே பைபாஸில் ஏறினாலும் சிக்கல்தான், ஊரைப் பார்க்காமலேயே அழியூரில் போய் இறங்குவீர்கள். ரயிலில் வரும் உறவினர்களை அழைக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: மாஹே ரயில் நிலையம் இருப்பது மாஹேயில் இல்லை, கேரளத்து அழியூரில்.

புதுச்சேரியை ஏற்கெனவே பார்த்தவர்கள் இன்னொரு ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். மஞ்சள் சுவர்களும் நேர்கோட்டுத் தெருக்களும் இங்கேயும் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இருக்காது. பலமுறை கைமாறிய ஊர் இது, கோட்டை எதுவும் முழுதாக மிஞ்சவில்லை. இங்கே பார்க்க வேண்டியவை சின்னச் சின்னதாக இருக்கின்றன. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. தாகூர் பூங்காவில் பிரெஞ்சுக் குடியரசின் அடையாளமான மரியான் சிலை. ஆற்றோரமாகவே முகத்துவாரம் வரைக்கும் போகும் நடைபாதை. அந்த நடைபாதையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே போதும், படகுகள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

விடுதலைக் கதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. 1947-இல் இந்த ஊருக்குச் சுதந்திரம் வரவில்லை. 1948 அக்டோபரில் மக்கள் எழுந்து நிர்வாகத்தைச் சில நாட்கள் கையில் எடுத்தார்கள், பிரெஞ்சுக் கப்பல் வந்து திரும்பப் பிடித்தது. ஐ.கே. குமாரன் தலைமையில் மகாஜன சபை விடாமல் போராடி, 1954 ஜூலை 16-இல் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். ஆங்கிலேயர் கதையையே படித்து வளர்ந்த நமக்கு இது வேறு கதை. அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள். மலையாளம் நமக்குக் கூடலூரில் பழகிய மொழிதானே, பேசத் தயங்க வேண்டாம்.

புனித தெரசா ஆலயத்துக்குப் போகாமல் யாரும் வருவதில்லை. ஆனால் தேதி தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள். 1736-இல் தொடங்கிய தேவாலயம் இது, 2024-இல் பசிலிக்கா ஆக்கப்பட்டது. அவிலா தெரசாவின் திருவிழா அக்டோபர் 5 முதல் 22 வரை. 14-ஆம் தேதி இரவு சொரூபம் ஊர்வலமாகப் போகும், 15-ஆம் தேதி விடியலில் நேர்த்திக்கடன்காரர்கள் தெருவில் உருண்டு வலம் வருவார்கள். எந்த மதம் என்று பார்க்காமல் எல்லோரும் மல்லிகை மாலையோடும் மெழுகுவர்த்தியோடும் நிற்பார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளில் போங்கள், வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் அந்த இரண்டு நாளைத் தவிருங்கள்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட தவறு. மலைக்காரர்களுக்குத் தண்ணீர் பயம் குறைவு. பாண்டியாற்றில் குதித்து வளர்ந்தவன் நான், என் சித்தப்பா மகனும் அப்படித்தான். முதல் தடவை மாஹே போனபோது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டி, அலையே இல்லாத ஒரு துண்டு கடலைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவில் மட்டும் குளம் மாதிரி அமைதி. இதுதான் இறங்க நல்ல இடம் என்று சட்டையைக் கழற்றினோம். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கி, "மோனே, அவிடெ இறங்கண்டா" என்றார். நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அந்த அமைதியான தண்ணீரில் எறிந்தார். மட்டை கரைக்கு வரவில்லை. நேராக உள்ளே போயிற்று. கற்களின் முனையைத் தாண்டி அது கறுப்புப் புள்ளியாகும் வரைக்கும் நாங்கள் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றோம்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அந்த வாய்க்காலில் அலை உடையாது, அதனால் அமைதியாகத் தெரியும். தெரியாதவன் தேடிப்போய் இறங்குவது அங்கேதான். ஆற்று முகத்துவாரத்திலும் கற்களை ஒட்டியும் இந்த இழுப்பு இன்னும் மோசம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். எவ்வளவு பலசாலியானாலும் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். அதைவிட நல்லது, மீனவர்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்காமல் இருப்பது.

நம் ஆறுகள் ஒரே பக்கம்தான் ஓடும். அங்கே ஓதம் ஏறும்போது கடல் ஆற்றுக்குள் வரும், வற்றும்போது வெளியே இழுக்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று இந்நேரம் தண்ணீர் இல்லை என்பதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. தலச்சேரிக்கு வடக்கே தர்மடம் தீவுக்கு வற்றத்தில் நடந்தே போகலாம். நேரம் பார்க்காமல் போனால் ஏற்றத்தில் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். முழப்பிலங்காடு கடற்கரையில் 4 கிலோமீட்டருக்கு மணல்மேலேயே கார் ஓட்டலாம். அங்கேயும் அலை ஏறும் நேரத்தில் ஈர மணலில் டயர் புதைந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளிலும் கடல் திடீரென்று கரையேறுவது உண்டு. மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய புயலின் அலை இங்கே வந்து சேர்கிறது. அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுவார்கள், கிளம்பும் முன் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும் போக நல்ல காலம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். கடல் கொந்தளிப்பு ஒருபுறம், குற்றியாடி, பேரியா, பால்சுரம் என்று எந்த மலைச்சுரத்தில் இறங்கினாலும் மண்சரிவு பயம் மறுபுறம். 2024 ஜூலையில் வயநாட்டில் நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம். குளிர்காலத்தில்கூட அங்கே பிசுபிசுவென்று வேர்க்கும். ஊட்டியிலிருந்து வந்த எங்கள் சித்தி, பழக்கத்தில் ஸ்வெட்டரோடே வண்டியில் இருந்துவிட்டு, மலைப்பாதை இறங்கியதும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள், வயதானவர்களுக்கு இறக்கத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து கோடைக்கடைசி வரை அந்த வட்டாரத்தில் தெய்வ வேடமிட்டு ஆடும் தெய்யம் நடக்கும். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அது வழிபாடு. குறுக்கே புகுந்து செல்ஃபி எடுப்பதும், முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் தப்பு. அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள்.

திரும்புவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டே நாலு மணி வரை உட்கார்ந்துவிட்டு, மாநில எல்லையில் பாட்டவயல் வழியிலோ சோலாடி வழியிலோ இருட்டில் வருவது ஆபத்து. வளைவு திரும்பியதும் யானை நிற்கலாம். நீலகிரி வண்டி இல்லாமல் வெளியூர் உறவினர் வண்டியில் வருகிறீர்கள் என்றால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை மாஹேயிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள், சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் வந்தபிறகு சிக்னல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தலச்சேரியில் பன்னிரண்டு மணிக்கெல்லாம் பிரியாணி சாப்பிட்டு, ஒரு மணிக்குள் வண்டியை எடுத்தால் வெளிச்சம் போகும் முன் வீடு வந்துவிடலாம். சாயங்கால ஆற்றங்கரை வேண்டும் என்றால், முந்தைய நாளே போய் ஒரு ராத்திரி தங்குங்கள்.