வீட்டு வரி கட்ட ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஊரில் அப்பா பேரில் ஒரு வீடும், வெளிநாட்டில் நமக்கு ஒரு முகவரியும் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கோயில், கல்யாணம், பரோட்டா என்று நிம்மதியாகப் போய் வரலாம்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு நகரப் பகுதிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். இழுத்தடித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் ஏறும். நகராட்சி, பேரூராட்சிகளுக்கு ஓர் இணையதளம், கிராம ஊராட்சிகளுக்குத் தனித் தளம், சென்னைக்கு வேறு. கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ எல்லாம் செல்லும். அலுவலகக் கவுன்ட்டரில் காசோலையோ டிடியோ கொடுக்கலாம். தேவை வரிவிதிப்பு எண் மட்டும்தான். பழைய ரசீதில் பழைய எண் இருக்கும், தளம் புதிய எண்ணைக் கேட்கும். ஆகவே கடைசி ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) இருந்தால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற சில நாட்டு செல்போன் எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் வங்கி அதற்கு வசதி கொடுத்திருக்க வேண்டும். இந்திய சிம் வைத்திருப்பவர்கள் அதை 90 நாள் சும்மா போட்டு வைக்காதீர்கள். எண் போனால் ஆதார் ஓடிபியும் போச்சு.

இவ்வளவுதான். கட்டுவது ஐந்து நிமிட வேலை. யார் பேரில் ரசீது வருகிறது என்பதில்தான் என் விடுமுறை முழுவதும் போனது.

அப்பா போன பிறகும் ரசீது அவர் பேரில்தான் வந்துகொண்டிருந்தது. பெயர் மாற்றம் செய்துவிடலாம் என்று இறப்புச் சான்று, வாரிசு சான்று, பத்திர நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வாரிசு சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாலுகா ஆபீஸுக்கு நடந்த கதை தனி. அதை விட்டுவிடுகிறேன். நகராட்சி அலுவலகத்தில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "சார், உங்க சித்தப்பா ஆட்சேபணை மனு கொடுத்திருக்காரே, தெரியாதா?"

தெரியாது. அன்று காலையில் சித்தப்பா வீட்டில்தான் இட்லி சாப்பிட்டேன். இன்னும் இரண்டு வைத்துக்கொள் என்று வற்புறுத்தினார். மனுவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாலையில் கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு கட்டு ரசீதை எடுத்து வந்து திண்ணையில் பரப்பினார். எல்லாம் வரிசையாக, ரப்பர் பேண்ட் போட்டு. "இத்தனை வருஷமா வரிசைல நின்னு கட்டினது யாருடா தம்பி? தண்ணி வரி யாரு கட்டினா? 2022-ல ஏத்தினானே, அது உனக்குத் தெரியுமா?" 2022-ல் தமிழ்நாட்டு நகரங்கள் முழுக்க வீட்டின் அளவைப் பார்த்து வரியை ஏற்றினார்கள். சென்னைக்கு வெளியே, 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,800-க்கு மேல் என்றால் 100 சதவீதம். எங்கள் வீடு பெரியது. நியூஜெர்சியில் உட்கார்ந்து அதைச் செய்தியாகப் படித்த ஞாபகம் இருக்கிறது. கட்டியவர் அவர். ஆரம்பத்தில் அவர் கேட்பார், நான் அனுப்புவேன். அப்புறம் அவரும் கேட்கவில்லை.

"வரி ரசீதை என் பேருக்கு மாத்திக் குடு, வீடு உன்னோடதாவே இருக்கட்டும்" என்றார். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். வரி கட்டியதால் யாரும் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் அந்த ரப்பர் பேண்ட் கட்டு ஒரு சாட்சியாக மேசைக்கு வரும். ஆகவே முடியாது என்றேன். அவர் கட்டியதை எல்லாம் கணக்குப் போட்டு வங்கி வழியாகத் தருகிறேன் என்றேன். "வட்டி போட்டுத் தருவியோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நீங்கள் ஆண்டுக்கு ஆண்டு அனுப்பிவிடுங்கள். குவிந்த பிறகு கொடுத்தால் அது பணமாகத் தெரிவதில்லை.

வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். கோயம்புத்தூர் அக்காவுக்கு லீவு கிடைப்பதற்குள் என் விமானம் கிளம்பிவிட்டது. மிச்ச வேலைக்கு அக்காவுக்கே பவர் கொடுத்தேன். வெளிநாட்டில் எழுதும் பவர் பத்திரத்துக்கு, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதற்கு மேல் பீரோவில் தூங்கவிட்டால் தலைவலி.

வருமான வரி இதைவிட மரியாதையானது, யாரும் இட்லி போட்டு ஏமாற்றுவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு நீங்கள் வெளிநாட்டில் இருந்தால், குடியிருப்பவர் வரியாக 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் வாடகை தர வேண்டும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் வேறு வீடு பார்க்கிறார்கள். வீட்டை விற்றால், உள்ளூர்க்காரரிடம் வரியாகப் பிடிக்கும் 1 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது. நெடுநாள் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ் வகையறாவும் பிடிப்பார்கள். லாபம் குறைவு என்றால் விற்பதற்கு முன்பே குறைந்த பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பிடித்த பிறகு ரீஃபண்டுக்குக் காத்திருப்பது வேறு பிழைப்பு. பாக்கி வரியை வருமான வரித் தளத்தில் சலான் எடுத்து நெட் பேங்கிங்கிலோ, ஆர்டிஜிஎஸ்ஸிலோ, வங்கிக் கவுன்ட்டரிலோ கட்டலாம். கம்பெனிகளுக்குக் கவுன்ட்டர் கிடையாது, இணையம்தான்.

ஊரில் கடையில் பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜிஎஸ்டியை வங்கிக் கவுன்ட்டரில் 10,000 ரூபாய் வரைதான் கட்ட முடியும். தொழில் வரி தனி, அது நகராட்சிக்கு, அதுவும் அரையாண்டுக்கு ஒருமுறை.

எங்கள் பெயர் மாற்ற மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால், இந்த ஏப்ரலில் தள்ளுபடி போய்விடக் கூடாது என்று தளத்தைத் திறந்தேன். பாக்கி 0. சித்தப்பா முந்திவிட்டார். அக்டோபருக்கு, 1-ஆம் தேதி காலைக்கு அலாரம் வைத்திருக்கிறேன், இந்திய நேரப்படி.