திராட்சை ஒயினில் அழுகிய முட்டை வாடை: நான் சரிசெய்த விதம்

பச்சைத் திராட்சையைத் தோலோடு புளிக்கவைத்தால் ஒயின் தேன் நிறத்துக்கு வரும். ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண்சாடியை நிலத்தில் புதைத்து இப்படிச் செய்கிறார்கள். 2013இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஏற்காட்டில் எங்களுக்குப் பீங்கான் ஜாடிதான்.

தை மாதம் போட்டது, பொங்கி வரும்போதே அழுகிய முட்டை வாடை அடித்தது. பழத்தில் கந்தக மருந்து ஒட்டியிருந்தாலும் வரும், ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்து போதாவிட்டாலும் வரும். "கொட்டிட்டு வேற வேலையப் பாரு" என்றார் அம்மா. மனசு வரவில்லை.

சாற்றை மட்டும் வடித்து, டீ ஆற்றுவதுபோல உயரத்திலிருந்து எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி ஊற்றி ஆற்றினேன். பிறகு தோலோடு மறுபடி ஜாடிக்கு. மேலே மிதந்து வரும் தோலைக் காலை, மதியம், இரவு மத்தால் அமுக்கிவிட வேண்டும். விட்டால் காய்ந்து பூஞ்சை பிடிக்கும். ராத்திரிக் குளிரில் ஈஸ்ட் சோம்பிவிடும் என்று ஜாடிக்குக் கம்பளி சுற்றினேன். (கம்பளி மாமாவுடையது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

வாடை மெல்லப் போய், நுரை மறுபடி சுறுசுறுவெனக் கிளம்பியது. ஆனால் இந்த ஆற்றுகிற வேலையெல்லாம் பொங்கும்போது மட்டும்தான். அடங்கிய பிறகு காற்று பட்டால் வினிகர்தான் கிடைக்கும், அதனால் வடிகட்டியதும் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிவிட்டேன்.