சிபாப் அழுத்தத்தில் கை வைப்பதற்கு முன்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி சிபாப். அந்த மெஷின் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் ஆனதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். இந்த அழுத்தம் எனக்குச் சரிதானா? காலையில் தலை கனக்கிறது, மதியம் கண் சொக்குகிறது, திரையில் காட்டும் எண்ணும் குறையவில்லை. விற்றவரைக் கேட்டால் "பழகிடும் சார்" என்கிறார். டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது. இந்த நேரத்தில்தான் அழுத்தத்தை மாற்றும், டாக்டர்களுக்கான மெனுவை எப்படித் திறப்பது என்று ஒரு வீடியோ கண்ணில் படும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனையில் என் ஏ.எச்.ஐ. 38 என்று வந்திருந்தது. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று பொருள். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-க்கு மேல் போனால் கடுமை. மெஷினில் அழுத்தம் 9 (செ.மீ. நீர் அளவில்) வைத்துத் தந்தார்கள். ஏ.எச்.ஐ. 38-லிருந்து 9-க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அழுத்தம் போதவில்லை என்று நானே முடிவு செய்து 12-க்கு ஏற்றினேன். அன்று இரவு மாஸ்க் ஓரத்தில் காற்று சீறியது, விடியும்போது வயிறு உப்பிக் கிடந்தது, ஏ.எச்.ஐ. 14. மறுநாள் 13-க்கு ஏற்றினேன். இன்னும் மோசமானது.

கடைசியில் டாக்டர் என் முகத்தையும் மாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குஷன், அதாவது மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் சிலிக்கான் பகுதி, ஒரு அளவு பெரிது என்றார். சின்ன குஷன் போட்டு, அழுத்தத்தைப் பழைய 9-க்கே கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் எண் 3-க்கு வந்தது. அழுத்தத்தில் கோளாறே இல்லை. இரண்டு வாரம் நான் வீணாக அவதிப்பட்டேன். இதை எழுதுவது அதனால்தான்.

முதல் தவறு, காற்றுக் கசிவைப் பார்க்காமல் அழுத்தத்தைத் திருகுவது. மாஸ்க் ஓரத்தில் காற்று வெளியேறினால் தொண்டைக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் சேராது. மெஷின் அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக ஊதும், ஊத ஊத குஷன் முகத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். நாமும் மேலே இருந்து அழுத்தத்தை ஏற்றினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். கசிவு அதிகமாக இருக்கும்போது மெஷின் எண்ணிச் சொல்லும் ஏ.எச்.ஐ.யையும் முழுதாக நம்ப முடியாது. எனவே அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கசிவு வரைபடத்தைப் பாருங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. வேறு சில கம்பெனி மெஷின்கள் மாஸ்க்கின் துளை வழியே வேண்டுமென்றே வெளியே விடும் காற்றையும் சேர்த்துக் காட்டும். அதனால் நண்பரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

கசிவு என்றதும் பட்டையை இறுக்கத் தோன்றும். அளவுக்கு மேல் இறுக்கினால் குஷன் நசுங்கி, காற்றில் உப்பி முகத்தோடு ஒட்டும் தன்மையை இழக்கிறது. மூக்குத் தண்டில் புண்ணும் வந்துவிடும். உட்கார்ந்தபடி கண்ணாடி பார்த்து மாட்டுவதும் பயன் தராது, ஏனென்றால் படுக்கும்போது முகத்தின் சதை சாயும். மெஷினை ஓடவிட்டு, வழக்கமாகப் படுக்கும் பக்கமாகப் படுத்துக்கொண்டு, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யுங்கள். குஷனை நாள்தோறும் துடையுங்கள். முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றே போதும், சிலிக்கான் வழுக்கத் தொடங்கிவிடும். மூக்கு மாஸ்க் போடுபவர்களுக்கு வாய் திறந்து காற்று போவதும் ஒரு கசிவுதான். எழும்போது நாக்கு கட்டையாகக் காய்ந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. மாஸ்க்கின் முன்பக்கச் சின்னத் துளைகளிலிருந்து வரும் காற்று பக்கத்தில் படுப்பவர் மேல் படுகிறது என்று அதில் டேப் ஒட்டுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வெளியே விடும் கரியமில வாயு போகும் ஒரே வழி அதுதான். அடைத்தால் அதே காற்றைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டிவரும்.

அடுத்த தவறு, ஏ.எச்.ஐ.யை ஒற்றை எண்ணாகப் பார்ப்பது. அந்த எண்ணுக்குள் இரண்டு வகை மூச்சுநிறுத்தம் கலந்திருக்கிறது. தொண்டைச் சதை சரிந்து வழியை அடைப்பதால் வருவது ஒன்று. மற்றது, வழி திறந்தே இருந்தும் மூளை மூச்சு இழு என்ற உத்தரவை அனுப்பாததால் வருவது. மெஷின் சின்ன அழுத்தத் துடிப்பை அனுப்பி, வழி திறந்திருக்கிறதா என்று பார்த்து இரண்டையும் பிரிக்கிறது. முதல் வகைக்குத்தான் அழுத்தம் மருந்து. இரண்டாவது வகைக்கு அழுத்தத்தை ஏற்றினால் எதிராகவே போகக்கூடும். அதிக அழுத்தம் நுரையீரலிலிருந்து கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றும். ரத்தத்தில் அது ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மூச்சு இழுக்கும் தூண்டுதலே நின்றுபோகும். சிபாப் தொடங்கிய புதிதில் சிலருக்கு இந்த வகை எட்டிப் பார்ப்பதுண்டு, பலருக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிந்துவிடும். இது தெரியாமல் "எண் ஏறுது, அழுத்தத்தையும் ஏத்து" என்று போனால் நாமே நோயை வளர்த்த மாதிரி ஆகும். அப்புறம், நீங்கள் தூங்குகிறீர்களா விழித்திருக்கிறீர்களா என்பது மெஷினுக்குத் தெரியாது. பாதி ராத்திரியில் புரண்டு படுக்கும்போது மூச்சை அடக்கினாலும் அதைக் கணக்கில் சேர்த்துவிடும்.

அதிக அழுத்தம் என்றால் அதிகச் சிகிச்சை என்ற எண்ணமே பிழை. சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் இந்த முறையை முதன்முதலாக விவரித்தபோது, கடுமையான தொல்லை இருந்த 5 பேருக்கு 4.5 முதல் 10 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள்ளேயே தொண்டை அடைப்பு முழுதாக நின்றது. அவரவர் தொண்டை திறந்து நிற்கப் போதுமான அழுத்தம் எதுவோ அதுவே சரியான அழுத்தம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, அதைச் செய்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷினை 4 முதல் 20 வரை அகலமாகத் திறந்தபடியே விட்டுவிடுவது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 4 என்ற அழுத்தத்தில் பெரியவர்கள் பலருக்கு மூச்சு முட்டும். மல்லாந்து படுத்திருக்கும்போதும் கனவுத் தூக்கத்திலும் தொண்டை சட்டென்று சரியும். 4-லிருந்து படிப்படியாக ஏறி மெஷின் வந்து சேர்வதற்குள் பல அடைப்புகள் நடந்து முடிந்துவிடும். அதற்காக நாமாக ஒரு எண்ணை ஊகித்து வைக்க வேண்டியதில்லை. இரவில் 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் இருந்தது என்று அறிக்கையிலேயே இருக்கும் (சில மெஷின்களில் 90 சதவீதம்). அதைக் காட்டி, குறைந்தபட்ச அழுத்தத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். சரியான கேள்வியோடு போனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

வசதிக்கான செட்டிங்குகள் என்று பெயர் இருப்பதால் அவை சிகிச்சையைத் தொடாது என்று நினைக்கிறோம். மூச்சு விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். 9-ல் ஓடும் ரெஸ்மெட் மெஷினில் அதை 3 என்று வைத்தால், மூச்சு விடும் நேரத்தில் தொண்டையைத் தாங்கி நிற்பது 6 மட்டுமே. சிலருக்கு அது போதும், சிலருக்கு அடைப்பு திரும்பும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும் ரேம்ப்பும் அப்படித்தான். 45 நிமிடம் ரேம்ப் வைத்துவிட்டு நீங்கள் பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டால், மீதி 35 நிமிடமும் குறைந்த அழுத்தத்தில்தான் கிடக்கிறீர்கள். மாஸ்க்கை மூக்கு வகையிலிருந்து முழுமுக வகைக்கு மாற்றினால் ரெஸ்மெட் போன்ற மெஷின்களில் மெனுவிலும் மாஸ்க் வகையை மாற்ற வேண்டும். கசிவைக் கணக்கிடுவதே அதை வைத்துத்தான்.

நீங்களே தாராளமாக மாற்றிப் பார்க்கக்கூடியது ஈரப்பதம். ஏசி அறையில் படுப்பவர்களுக்குக் குழாயில் தண்ணீர் திரண்டு மாஸ்க்குக்குள் கடகடவென்று சத்தம் வரும். ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், அல்லது குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், சூடாகும் குழாயாக இருந்தால் அதன் வெப்பத்தைக் கூட்டுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். சுத்தம் செய்ய ஓசோன் கருவி வேண்டாம். 2021 ஜூனில் பிலிப்ஸ் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது, உள்ளே இருந்த ஒலித்தடுப்பு ஃபோம் சிதைந்ததால். ஓசோன் அந்தச் சிதைவை இன்னும் கூட்டலாம் என்றும் அப்போது சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் பழைய பிலிப்ஸ் மெஷின் வாங்குபவர்கள் அது அந்தப் பட்டியலில் இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். எந்த செகண்ட் ஹேண்ட் மெஷினிலும் வேறொருவருடைய தொண்டைக்கு வைத்த அழுத்தம் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

சிலர் அழுத்தத்தைத் தாங்களாகத் தொடவே கூடாது. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மார்ஃபின் வகை வலி மருந்து எடுப்பவர்கள், தசை பலவீனம் உள்ளவர்கள், அதிக உடல் எடையால் பகலிலும் கரியமில வாயு தேங்குபவர்கள். இவர்களுக்கு மெஷினின் மோடை மாற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2015-ல் வெளிவந்த செர்வ்-ஹெச்எஃப் ஆய்வு, இதயத் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, மூளை உத்தரவு நிற்கும் வகையே மேலோங்கியிருந்த நோயாளிகளுக்கு மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானே மாற்றிக் கொடுக்கும் ஏ.எஸ்.வி. என்ற மோடைக் கொடுத்துப் பார்த்தது. ஏ.எச்.ஐ. நன்றாகவே இறங்கியது. ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் அந்தச் சிகிச்சை பெற்ற பக்கத்தில்தான் அதிகம். எண் இறங்கினாலே நல்லது என்று நம்பியவர்களை அந்த முடிவு திடுக்கிட வைத்தது.

சரி, டாக்டரோடு பேசி ஏதாவது மாற்றுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பழைய செட்டிங் எல்லாவற்றையும் முதலில் போனில் படமெடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாஸ்க், ரேம்ப், அழுத்தம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு இரவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சளி பிடித்த இரவு, மது குடித்த இரவு, மல்லாந்தே கிடந்த இரவு எல்லாம் எண்ணைக் குழப்பும். எனக்கு டாக்டர் சொன்னது குறைந்தது ஒரு வாரம். அந்த வாரத்தில் தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். பகலில் தூக்கம் கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, காலைத் தலைவலி புதிதாகத் தொடங்கினாலோ பழைய செட்டிங்குக்குத் திரும்பி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது மெஷினின் எஸ்டி கார்டை எடுத்துப் போங்கள். கூடவே ஒரு தாளில் எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள், காலையில் உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி வையுங்கள். மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் கார்டைப் பார்ப்பதற்கு முன் டாக்டர் பார்த்தது அதைத்தான்.