புளிப்பு குடிச்ச கையோட பல்லு வெளக்காதீங்க

லிமாவ் ஐஸ், ஜாதிக்கா ஜூஸ், அசாம் லக்சானு புளிப்பா எது உள்ள போனாலும் உடனே பிரஷ்ஷ எடுக்காதீங்க, வெறும் தண்ணில நல்லா கொப்பளிச்சிட்டு அரை மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம் விட்டு பல்லு வெளக்குங்க.

வாய்ல பிஹெச் (புளிப்ப காட்டுற அளவு, எறங்க எறங்க புளிப்பு கூடும்) 5.5க்கு கீழ எறங்குனா பல்லு மேல இருக்கற கெட்டியான எனாமல் கரைய ஆரம்பிச்சிடும், மேல் பகுதி இளகி இருக்கற அந்த நேரத்துல தேய்ச்சா அதுவும் சேர்ந்து தேய்ஞ்சு போகும், கொஞ்சம் விட்டா நம்ம எச்சிலே ஆசிட்ட அடக்கி கால்சியத்த திரும்ப ஏத்திடும். பினாங்கு வெயிலுக்கு ஒரு கப்ப வாங்கி மத்தியானம் பூரா உறிஞ்சிக்கிட்டே இருப்போம் பாருங்க, அதுதான் ரொம்ப மோசம், எச்சிலுக்கு வேல செய்ய நேரமே கெடைக்காது. ஸ்ட்ரோ போட்டு சட்டுனு குடிச்சு முடிச்சிடுங்க.

காலைல வேலைக்கு ஓடுறவங்க பசியாற முன்னாடியே வெளக்கிடலாம், அப்ப காத்திருக்க வேணாம். பருப்பு கறியோட ரொட்டி சானாய், வெறும் தண்ணி, இதுக்கெல்லாம் இந்தக் கணக்கு கெடையாது. ஏற்கனவே தேய்ஞ்ச எனாமல் திரும்ப வளராது, அதனால பல்லு கூசுதுன்னாலோ, அடிக்கடி நெஞ்செரிச்சல் வந்து புளிச்ச தண்ணி மேல ஏறுதுன்னாலோ கொப்பளிச்சா மட்டும் போதாது, கிளினிக் போய் காட்டிடுங்க.