நாக்கு அறுவைக்குப் பின் விழுங்கப் பழகுதல்

புற்றுநோய்க்காக நாக்கில் பாதியை எடுத்துவிட்டு முன்கைத் தோலை ஒட்டாக வைத்துத் தைத்திருந்தால், அந்த ஒட்டு தானாக அசையாது. சூடும் பெரும்பாலும் உறைக்காது. உணவைத் தொண்டைக்குத் தள்ளும் வேலையை மிச்ச நாக்கும் தலையின் சாய்வும்தான் செய்தாக வேண்டும். தையல் ஆறி, அறுவை மருத்துவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் (பேச்சோடு விழுங்கவும் பயிற்சி தருபவர்) சரி என்ற பிறகே தொடங்குங்கள். அதுவரை மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பதம். தண்ணீர், தொண்டை தயாராகும் முன்பே ஓடிவிடும். களி அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். வழித்தெடுக்க நாக்கு எட்டாது. பலருக்கு நடுப்பதம் ஒத்துவரும்: வடிகட்டிய கேழ்வரகுக் கூழ், மிக்ஸியில் அடித்த பருப்புக் கஞ்சி. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து நிரப்பி, விரலை 10 விநாடி எடுத்து ஒழுகவிட்டு, மீண்டும் அடையுங்கள். 4 முதல் 8 மி.லி. மிஞ்சினால் லேசான கெட்டி, கொஞ்சமாவது ஒழுகி 8-க்கு மேல் மிஞ்சினால் நடுத்தரக் கெட்டி. உங்களுக்கு எது என்பதைத் தெரபிஸ்ட் சோதித்துச் சொல்வார்.

நிமிர்ந்து உட்காருங்கள். அரை டீஸ்பூன், அதாவது 2–3 மி.லி., வெதுவெதுப்பாக, நல்ல பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி வையுங்கள். தலையையும் அந்தப் பக்கமே சாயுங்கள். மூச்சை இழுத்து அடக்கி விழுங்குங்கள். அடுத்த மூச்சு வாங்குமுன் இருமுங்கள். வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்குங்கள். மூச்சடக்கும்போது குரல்வளை மூடிக்கொள்ளும்; தங்கியதை இருமல் வெளியேற்றும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சடக்க வேண்டாம்.

செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த நிலையில் மூச்சுக்குழாயைக் காப்பது கடினம். குரல்வளை நன்றாக மூடுகிறது என்று சோதனையில் தெரிந்த சிலருக்கு மட்டும் தெரபிஸ்ட்டே அதைக் கற்றுத்தருவார்.

சாப்பிட்டதும் கண்ணாடியில் பாருங்கள். உணர்வில்லாத பக்கத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே பருக்கை தங்கியிருக்கும். படுத்தால் அது நுரையீரலுக்கு நழுவலாம். வாயைக் கொப்பளித்து, பல் துலக்கி, அரைமணி நேரம் உட்கார்ந்தே இருங்கள்.

புரையேறவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள்; சிலருக்கு இருமலே வராமல் உணவு உள்ளே போகும். விழுங்கியதும் ‘ஆ’ சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால் நிறுத்துங்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியத்தை உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தால் எங்கே கசிகிறது என்று தெரியும்.

கதிர்வீச்சு தொடங்கினால் வலிக்கும். வலிமருந்தைக் கேட்டு வாங்குங்கள்; தெரபிஸ்ட் தடுக்காதவரை, தினமும் சில வாயாவது விழுங்குங்கள். சும்மா விட்டால் தொண்டைத் தசைகள் இறுகிவிடும்.